தியானமும் கோரிக்கை மனுவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் பணியிட மன அழுத்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தினமும் பத்து நிமிடம் மூச்சைக் கவனித்து உட்கார்ந்தால் எவ்வளவு வேலைப்பளுவையும் புன்னகையோடு தாங்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. சில நாள் கழித்து அதை மறுத்து ஒரு வாசகர் கடிதம் வந்தது. தியானம் என்பது போராட வேண்டியவர்களை உட்கார வைக்கும் ஏற்பாடு, உழைக்கிறவர்களுக்குத் தேவை சங்கம், சம்மணம் அல்ல என்று அந்த வாசகர் கோபமாக எழுதியிருந்தார்.

நான் ஒரு செவிலியர். பொது மருத்துவ வார்டில் வேலை. எங்கள் செவிலியர் சங்கத்தின் கிளைச் செயலாளர். பணிக்குக் கிளம்பும் முன் பௌத்த முறையில் தியானத்துக்கு உட்காருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். இடதுசாரி அரசியல் அதைவிடப் பழைய பழக்கம். சம்மணமும் சங்கமும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று தோழர்களும் கேட்கிறார்கள், தியான வகுப்பில் பழக்கமானவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கட்டுரையும் கடிதமும் அடுத்தடுத்து வந்த பிறகு, இதைப் பொதுவில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொண்டு இடம் தாருங்கள்.

எங்கள் மருத்துவமனை நிர்வாகம் செவிலியர்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் எனும் விழிப்புணர்வுத் தியானப் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்தியது. இரவுப் பணி முடிந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் வந்து உட்கார வேண்டும் என்று சுற்றறிக்கை. பயிற்றுநர் கனிவான மனிதர், சொன்னதை நம்பிச் சொன்னவர். அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் இரண்டு அம்புகள் உவமையைச் சொன்னார். சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூல்தொகுப்பில் வருவது அது. பயிற்சியில்லாத ஒருவருக்கு உடம்பில் வலி வந்தால் அவர் அழுது அரற்றி மனத்திலும் ஒரு வலியை வரவழைத்துக்கொள்கிறார். ஓர் அம்பு தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னோர் அம்பும் தைப்பதுபோல என்கிறார் புத்தர். பயிற்சியுள்ளவருக்கு முதல் அம்பின் வலி மட்டும்தான். பயிற்றுநர் இதைச் சொல்லிவிட்டு, "முதல் அம்பு வாழ்க்கையோடு வருவது, யாராலும் தடுக்க முடியாது. இரண்டாவது அம்பு உங்கள் கையில் இருக்கிறது" என்றார்.

முதுமை, நோய், சாவு, பிரிவு. இவை முதல் அம்பு என்றால் எனக்குச் சம்மதம். வார்டில் தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் களைப்பு அப்படி வந்தது கிடையாது. அது பணிப்பட்டியலிலிருந்து வந்தது. பட்டியலை ஒருவர் தயாரித்தார், இன்னொருவர் கையெழுத்திட்டார். காலிப் பணியிடங்களை நிரப்புவதா வேண்டாமா என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். மனிதர் எய்த அம்பை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டு, வலிக்கிறது என்று சொல்கிறவரிடம் 'உன் மனத்தைச் சரிசெய்துகொள்' என்று சொல்வது புத்தரின் போதனையே அல்ல.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும், பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நேத்து ராத்திரி மூணு பேருக்கு ஊசி போட லேட்டாயிடுச்சு. ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு மூச்சுத் திணறல், நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? காலையில பாத்ரூம்ல நின்னு அழுதேன். நான் தியானத்தை ஒழுங்காப் பண்ணலையோ?" என்று கேட்டாள். ஆசிரியர் அவர்களே, என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது இந்தக் கேள்விதான். ஆள் போதாததால் வந்த துயரம், அந்தப் பெண்ணுடைய மனத்தின் குறைபாடாக அவளிடமே திருப்பித் தரப்பட்டிருந்தது. அவளும் அதை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

2002இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா ஐக்கன் என்ற செவிலியர் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, செவிலியர் மனம் சோர்ந்து எரிந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியபோது, அதை ஒரு நோயாகச் சொல்லவில்லை. வேலையிடத்தில் தொடர்ந்து நீடித்து, சரியாகக் கையாளப்படாமல் போன அழுத்தத்தால் வரும் தொழில்சார் நிலை என்றே சொன்னது. அந்தப் பெண்ணிடம் இவற்றைச் சொன்னேன். ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் அதிகம் உதவியது, அன்றைய இரவு நடந்ததை அவளையே நேரம் போட்டு எழுத வைத்ததுதான். எத்தனை மணிக்கு யாருக்கு என்ன, அப்போது வார்டில் எத்தனை பேர் பணியில். எழுதி முடித்தபோது தன் தவறு எங்கே என்று அவளால் காட்ட முடியவில்லை. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று அளவு கேட்கும் எங்கள் கோரிக்கை மனுவோடு அந்தத் தாள் பிறகு இணைப்பாகப் போனது.

அதனால் அந்த வாசகர் சொல்வது சரி என்று ஆகிவிடாது. வேலையிடங்களில் பரவியிருக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புகளின் வேர், 1979இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய பயிற்சியில் இருக்கிறது. மருத்துவர்கள் 'இதற்குமேல் எங்களால் ஆவது ஒன்றுமில்லை' என்று அனுப்பிய நாள்பட்ட வலி நோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. வலியோடு வாழ்கிறவர்களை நான் தினமும் தொட்டுப் பார்க்கிறவள். மூச்சில் மனம் ஊன்றினால் அவர்களில் சிலருக்குக் கிடைக்கும் அந்தச் சிறு விடுதலையை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. வலி நோயாளிக்குக் கொடுத்த பயிற்சியை, ஆளைக் குறைத்துவிட்டு மிச்சமிருப்பவர்களுக்குக் கொடுக்கும்போதுதான் அது வேறொன்றாக மாறுகிறது.

இந்த வகுப்புகளில் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. விழிப்புணர்வுத் தியானத்துக்கு மூலமான ஸதிபட்டான சூத்திரம் உடல், உணர்வு, மனம், மன நிகழ்வுகள் என நான்கைக் கவனிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும்: உள்ளே கவனி, வெளியே கவனி, உள்ளும் வெளியும் கவனி. உள்ளே என்பதைத்தான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். வெளியே என்பதற்கு உரையாசிரியர்கள் பிறருடைய உடல், பிறருடைய உணர்வு என்று பொருள் சொல்கிறார்கள். ஒரு செவிலியருக்கு இதை விளக்கவே வேண்டாம். நோயாளியின் மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுவது எங்கள் வேலை. 12 முதல் 20 வரை இருந்தால் சரி. கூடினால், முகம் என்னதான் சிரித்தாலும் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. ஆள் போதாத வார்டில் முதலில் அடிபடுவது இந்த ஒரு நிமிடம்தான். எண்ணாமலே 18 என்று தாளில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடும் நிலை வருகிறது. ஆகவே ஆள் கேட்டுப் போராடுவது என்னைப் பொறுத்தவரை தியானத்தைவிட்டு வெளியே போய்ச் செய்கிற காரியமாகாது. வெளியே கவனிப்பதற்கான நேரத்தைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

இனி அந்த வாசகருக்கும் என் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபம் இல்லாமல் அரசியல் இல்லை என்று கூட்டங்களில் சொல்வார்கள். எனக்கும் கோபம் வரும், தாராளமாக வரும். அதே சூத்திரத்தில் மனத்தைக் கவனிக்கும் பகுதியில், வெறுப்புள்ள மனத்தை 'வெறுப்புள்ள மனம்' என்று அறிவது பற்றி ஒரு வரி உண்டு. அறியச் சொல்கிறதே தவிர, அந்த இடத்தில் மனத்தைத் திட்டவும் இல்லை, அடக்கச் சொல்லவும் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் இதன் பயனைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை இரவுப் பணி ஆட்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நிர்வாகத் தரப்பில் ஒருவர், "உங்களுக்கெல்லாம் முன்போல சேவை மனப்பான்மை இல்லை" என்றார். காது சூடாவது தெரிந்தது. தாடை இறுகியது, அடுத்த சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. பாதங்கள் தரையில் பதிந்திருப்பதைக் கவனித்தேன். ஒரு மூச்சு போய் வந்தது. "சார், கடந்த மூன்று மாத இரவுப் பணி வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்றேன். பேச்சு எங்கள் மனப்பான்மையைவிட்டுப் பதிவேட்டுக்கு வந்தது. கோபம் போய்விடவில்லை. அன்று மாலைவரை உடம்பில் இருந்தது. ஆனால் அவர் விரித்த வலையில் போய் விழாமல் இருந்தோம். அங்கே நான் கத்தியிருந்தால், 'சங்கத்துக்காரர்கள் மரியாதையில்லாமல் பேசினார்கள்' என்பது மட்டும்தான் கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கும்.

இன்னும் முக்கியமான பயன் சங்கத்துக்குள்ளே. நிர்வாகத்தோடு மோதுவதைவிட நமக்குள் மோதிக்கொள்வதில் இயக்கங்கள் எத்தனை ஆண்டுகளை இழந்திருக்கின்றன என்பது பழைய தோழர்களுக்குத் தெரியும். தீர்மானத்தின் ஒரு சொல்லுக்காகப் பிரிந்துபோனவர்கள், பிறகு ஒருவர் வீட்டுச் சாவுக்குக்கூட மற்றவர் போகாமல் இருந்ததை நான் அறிவேன். எதிர்க்கருத்து சொல்கிற தோழர் பேசும்போது, என் உள்ளே மறுப்புரை தயாராகிக்கொண்டிருப்பதைக் கண்டு, அதை நிறுத்திவிட்டு அவர் பேச்சைக் கடைசிவரை கேட்பது பயிற்சி இல்லாமல் எனக்கு வந்திருக்காது.

ஒரு தோழர் விடாமல் கேட்பார்: "அம்பு தைத்தவன் அதை எய்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது, முதலில் பிடுங்க வேண்டும் என்று சொன்னவர்தானே உங்கள் புத்தர்? எய்தவனைத் தேடாதே என்பவரோடு எங்களுக்கு என்ன வேலை?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த உவமை யாருக்காக, எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். உலகம் நிலையானதா, எல்லையுள்ளதா, இறந்தபின் ததாகதர் (புத்தர்) இருப்பாரா இல்லையா என்று தெரிந்தால்தான் பயிற்சியைத் தொடர்வேன் என்று அடம்பிடித்த மாலுங்கியபுத்தர் என்ற பிக்குவுக்குச் சொன்னது அது. வறுமையையும் திருட்டையும் பற்றிப் பேசும்போது புத்தர் காரணத்தை நேராகவே தேடிப் போகிறார்.

தீக நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பின் சக்கவத்தி சீகநாத சூத்திரத்தில் ஓர் அரசன் வருகிறான். நாட்டைக் காக்கிறான், ஆனால் இல்லாதவர்களுக்குப் பொருள் கொடுக்கத் தவறுகிறான். அதனால் வறுமை பரவுகிறது. வறுமையால் திருட்டு வருகிறது. திருடியவனுக்கு இரங்கி அரசன் ஒருமுறை பொருள் கொடுக்க, அதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் திருடுகிறார்கள். பிறகு அரசன் தலையை வெட்டத் தொடங்குகிறான், மக்களும் ஆயுதம் எடுக்கிறார்கள், கொலையும் பொய்யும் பெருகுகின்றன. இத்தனைக்கும் தொடக்கம் எது என்று அந்தச் சூத்திரம் மறைக்காமல் சொல்கிறது: இல்லாதவர்களுக்குப் பொருள் கொடுக்கப்படவில்லை. கூடதந்த சூத்திரத்தில் கொள்ளை மலிந்த நாட்டின் அரசனுக்குப் புரோகிதர் சொல்லும் யோசனை இன்னும் தெளிவு. சிறையும் தண்டமும் கொலையும் பயன் தராது. உழுகிறவர்களுக்கு விதையும் தீவனமும், வணிகம் செய்கிறவர்களுக்கு முதலும், அரசுப் பணியாளர்களுக்கு உணவும் ஊதியமும் கொடு என்கிறார். தனித்தனி ஆட்களின் மனத்தைத் திருத்தினால் போதும் என்று நினைத்த ஒருவர் இப்படிப் பேசியிருக்க முடியாது.

எனக்கு மிகவும் நெருக்கமானது சிகாலோவாத சூத்திரம். காலையில் ஆறு திசைகளையும் கும்பிட்டு நின்ற ஓர் இளைஞனிடம், உண்மையான ஆறு திசைகள் உன் வாழ்வில் இருக்கும் மனிதர்கள் என்று சொல்லி, ஒவ்வொரு உறவுக்கும் கடமைகளைப் பிரித்துத் தருகிறார் புத்தர். வேலை செய்கிறவர்கள் கீழ்த்திசை. அவர்களுக்கு முதலாளி செய்ய வேண்டியவை ஐந்து. அவரவர் வலிமைக்கேற்ற வேலையைப் பிரித்துத் தருவது. உணவும் ஊதியமும் தருவது. நோயில் பார்த்துக்கொள்வது. அரிதாகக் கிடைக்கும் நல்ல உணவைப் பகிர்ந்துகொள்வது. தக்க காலத்தில் ஓய்வு விடுவது. வேலை செய்கிறவர்களுக்கும் ஐந்து கடமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன, முதலாளிக்கு முன் எழுவது, வேலையைச் செம்மையாகச் செய்வது என்று. அவற்றை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட விரும்புகிறவர்கள் இருப்பார்கள். வரிசையில் முதலில் நிற்பது முதலாளியின் கடமை என்பதை அவர்களும் படிக்கட்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்தப் பட்டியலின் முதல் வரியை எங்கள் கோரிக்கை மனுவின் முதல் கோரிக்கையோடு ஒப்பிட்டால், சொற்கள்தான் வேறு.

வினைப்பயன் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏழை ஏழையாகவும் நோயாளி நோயாளியாகவும் இருப்பது முற்பிறவிக் கணக்கு என்று சொல்லி வாயை அடைக்கிற பேச்சு பௌத்தத்தின் பெயராலும் நடக்கிறது. சீவகர் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்கிறார்: மனிதர் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தானா? இல்லை என்கிறார் புத்தர். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்தது, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாதது, பிறர் தாக்கியது, வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களைச் சொல்லி, எல்லாம் முன்வினையே என்பவர்கள் கண்ணால் காண்பதையும் உலகம் உண்மை என்று ஏற்றதையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். மருத்துவத் துறையில் இருக்கிறவளாக எனக்கு அந்தப் பட்டியல் மிகப் பிடிக்கும். ஜப்பானில் உச்சியாமா குடோ என்ற, சோட்டோ ஜென் பௌத்தப் பிரிவைச் சேர்ந்த துறவி, தன் கோயிலில் ரகசியமாக அச்சிட்ட சிறு வெளியீட்டில், குத்தகை விவசாயிகளின் வறுமை முற்பிறவிப் பாவத்தால் வந்தது என்பது மூடநம்பிக்கை என்று எழுதினார். அரசு 1911 ஜனவரியில் அவரைத் தூக்கிலிட்டது. அவருடைய சமயப் பிரிவு அதற்கு முன்பே அவரைத் துறவிகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது; 1993இல்தான் திரும்பச் சேர்த்தது.

ஆம், சமய நிறுவனங்கள் பெரும்பாலும் அதிகாரத்தின் பக்கம்தான் நின்றிருக்கின்றன. உலகின் பல தியான மையங்களுக்கு வழிமுறை தந்த நாடு மியான்மர். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோகிங்கியா முஸ்லிம்கள் அங்கிருந்து உயிர்பிழைக்க ஓடினார்கள். அந்த வெறுப்பைக் காவியுடையில் நின்று வளர்த்த துறவிகளும் உண்டு. இலங்கையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சைக் கவனிக்கத் தெரிந்தால் மனிதர் நியாயமானவராகிவிடுவார் என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றை அவர் பார்க்கட்டும். யார் எதை வைத்திருக்கிறார்கள், யாரிடமிருந்து எடுக்கிறார்கள், அதை எந்தச் சட்டம் காக்கிறது என்று கேட்க எனக்கு இடதுசாரி அரசியல்தான் கற்றுத் தந்தது. தியானம் அதைக் கற்றுத் தரவில்லை. அதனால்தான் எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

இப்படி இரண்டையும் சேர்த்தவர்கள் முன்பும் உண்டு. 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் அதற்கு முன் பௌத்த சங்கத்தில் உழைத்தவர். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல லட்சம் மக்களோடு பௌத்தம் ஏற்றார். நவம்பர் 20 அன்று காட்மண்டுவில் உலக பௌத்தர்கள் முன் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசினார். சுரண்டலும் துன்பமும் பற்றிய நோக்கில் இருவரும் நெருங்கி வருவதாகவும், வன்முறையிலும் சர்வாதிகாரத்திலும் வேறுபடுவதாகவும் அவர் கண்டார். இரண்டு வாரம் கழித்து மறைந்தார். அவர் கருத்து முழுவதையும் என் தோழர்கள் ஏற்க மாட்டார்கள். எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் அந்த ஒப்பீட்டை உட்கார்ந்து படிக்காமல் 'தியானம் தப்பித்தல்' என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

வியட்நாம் துறவி திக் நியாட் ஹான் தியானத்தைப் பற்றி எழுதி, பிறகு உலகமெங்கும் பல மொழிகளில் பரவிய ஒரு நூல் முதலில் ஒரு கடிதம். 1974இல், நாடு திரும்ப முடியாத நிலையில் பிரான்ஸிலிருந்தபடி, தென் வியட்நாமில் குண்டு விழுந்த கிராமங்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த இளம் சமூகப் பணியாளர்களுக்காக எழுதியது. அவர்களில் சிலர் அதற்குமுன் கடத்தப்பட்டும் சுடப்பட்டும் இறந்திருந்தார்கள். எஞ்சியவர்கள் வெறுப்பில் கருகாமலும் சோர்வில் விழாமலும் வேலையைத் தொடர வேண்டும் என்பதற்காகத்தான் மூச்சைப் பற்றியும் நடப்பதைப் பற்றியும் அவ்வளவு பொறுமையாக அதில் எழுதினார். இன்று விற்கிற வகுப்புகளில் இந்த வரலாறு வருவதே இல்லை.

நம் மொழியிலும் இருக்கிறது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் அமுதசுரபி முதலில் போய்ச் சேர்வது பசித்தவர்களிடம். சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றச் சொல்லி அரசனிடம் கேட்கிறாள் மணிமேகலை. அறம் என்பது என்ன என்றால், எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறைவிடமும், அவ்வளவுதான் என்று அதில் வருகிறது. இதைவிடச் சுருக்கமான இடதுசாரிக் கொள்கை அறிக்கை ஒன்றை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

என் தொழில் சார்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகத்தில் வருவது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் பார்க்கிறார். ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்க, நான் மற்றவர்களுக்கு எதுவும் செய்வதில்லை, அதனால் அவர்களும் எனக்குச் செய்வதில்லை என்கிறார் அந்தப் பிக்கு. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். ஒருவர் தலைமாட்டையும் ஒருவர் கால்மாட்டையும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு பிக்குகளின் சங்கத்தைக் கூட்டிச் சொல்கிறார்: உங்களைப் பார்த்துக்கொள்ள இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரையொருவர் நீங்கள் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள்? எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும்.

இதுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். செவிலியர் தினத்தில் எங்களுக்கும் சொல்வார்கள், சேவையின் பெருமை என்று. அதற்கு அடுத்து வருவதைச் சொல்ல மாட்டார்கள். புத்தர் அந்தக் கருணையை அந்தந்த ஆளின் நல்ல மனத்துக்கு விட்டுவிடவில்லை. நோயுற்றவருக்கு ஆசிரியர் இருந்தால் அவர் பார்க்க வேண்டும், மாணவர் இருந்தால் மாணவர், ஒரே ஆசிரியரின் மாணவராக உடனிருப்பவர் இருந்தால் அவர். யாரும் இல்லையென்றால் சங்கம் முழுவதும் பொறுப்பு. செய்யத் தவறினால் அது குற்றம் என்று விதி வகுத்தார். பிறகு நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவரின் பண்புகளை ஐந்தாக எண்ணிச் சொன்னார்: மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று அறிய வேண்டும், ஆதாயத்துக்காக இன்றி அன்பால் செய்ய வேண்டும், மலத்துக்கும் சளிக்கும் வாந்திக்கும் அருவருக்கக் கூடாது, நல்ல பேச்சால் நோயாளிக்குத் தெம்பூட்டத் தெரிய வேண்டும். இந்த ஐந்தும் எங்கள் பெண்களிடம் இருக்கின்றன, ஆசிரியர் அவர்களே. குறைவது விதி. யார் யாரைப் பார்ப்பது, ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பது, தவறினால் யார் பொறுப்பு என்ற விதி.

கலிஃபோர்னியாவில் செவிலியர் சங்கம் நெடுங்காலம் போராடி 1999இல் அந்த விதியைச் சட்டமாக்கியது. 2004இல் நடைமுறைக்கு வந்தது. பொது வார்டில் ஒருவருக்கு ஐந்து நோயாளிகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு இருவர். இதற்கு மேல் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் 2000 முதல் சங்கத்தின் போராட்டத்தால் இப்படியொரு அளவு இருக்கிறது. ஆகாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை.

இந்த ஆண்டுக் கோரிக்கை மனுவில் இதுதான் எங்கள் முதல் கோரிக்கை. சங்கக் கூட்டங்களுக்கு முன் விருப்பமுள்ளவர்கள் சிறிது நேரம் பேசாமல் உட்காருகிறோம். விருப்பமில்லாத தோழர்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. குளியலறையில் அழுத அந்தப் பெண் இரண்டிலும் இருக்கிறாள். பதிவேடு நகல்களைச் சேகரிக்கும் பொறுப்பும் இப்போது அவளிடம்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பணியிடத் தியானம் பற்றி அடுத்தமுறை கட்டுரை வெளியிடும்போது, அந்த வேலையிடத்தில் இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பணியிடங்கள் காலி, ஓய்வு நேரம் எவ்வளவு என்பதையும் உங்கள் செய்தியாளர் கேட்டு எழுதட்டும். மறுப்புக் கடிதம் எழுதிய வாசகரை எங்கள் கூட்டம் ஒன்றுக்கு அழைக்க விரும்புகிறேன். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அவர் கேட்டால் கொடுங்கள்.

இப்படிக்கு,
செவிலியர் சங்கக் கிளைச் செயலாளர் ஒருவர்
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தனியே தரப்பட்டுள்ளன)